உறைந்த ஏரியின் மேல் ஓர் ஊர்தி

ஏரி நீரின் மேல் வண்டி ஓடுமோ என்று வினவினால் நம்மவர் நகைப்பர். ஆயினும், அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மினசோட்டா மாநிலத்தில் குளிர்காலந்தோறும் அது நிகழ்கின்றது. உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போடுவோர், கரடுமுரடான நிலத்திற்கென அமைந்த நாற்சில்லு மோட்டார் வண்டிகளில் அங்கு செல்கின்றனர்.

அவ்வண்டிகளைத் தம் தேவைக்கேற்ப அவர்கள் மாற்றிக்கொள்வர். சில்லுகளைக் கழற்றிவிட்டு இரப்பர்ப் பட்டிகளைப் பூட்டுவர். பாரம் பரந்து விழுவதால், ஏரிமேற் குவிந்த வெண்பனியில் வண்டி புதையாது. துளைக்கருவியைத் தாங்க ஒரு கொளுவியும், கூடாரத்தை ஏற்றி இழுக்க ஒரு சறுக்கு வண்டியும் சேரும்.

ஆனால், இவை யாவும் வண்டியின் நிறையைக் கூட்டுகின்றன. அந்நிறையைத் தாங்குவது பனிக்கட்டியே அன்றோ! நடப்பதற்கு 4 அங்குலத் தடிப்பும், இத்தகைய வண்டிக்கு 5 முதல் 7 அங்குலத் தடிப்பும் வேண்டும் என்பது அம்மாநில இயற்கைவளத் திணைக்களத்தின் அறிவுரை. அதுவும் தெளிந்த புதுப் பனிக்கட்டிக்கே பொருந்தும். வெண்ணிறப் பனிக்கட்டியின் வலிமை ஏறத்தாழ அதிற் பாதியே. ஆகவே இருமடங்கு தடிப்புத் தேவை.

ஓரிடம் தடித்திருக்க, நீரோட்டமுள்ள அடுத்த இடம் மெலிந்திருக்கும். எனவே, அநுபவசாலிகள் 150 அடிக்கு ஒருமுறையேனும் துளையிட்டு அளப்பர். உயிர்காப்பு அங்கியும் அணிவர். நீரில் வீழ்ந்தால் பனிக்கட்டியிற் குத்திப் பற்றி ஏறுவதற்கு, ஒரு சோடி கூர்முனைகளைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பர்.

நேற்றுச் சென்ற வண்டியின் தடம் இன்றைக்குச் சான்றாகாது. மாணவர்களே, வண்டியின் வலிமையை நம்பியவனல்லன், தன்னைத் தாங்கும் தளத்தை அளந்தவனே மீனோடு வீடு திரும்புவான்.