தெர்மோஸ்டாட்டைத் திருகினால் வீடு சீக்கிரம் சூடாகுமா?

பிரிட்டனில் படிக்கும் நம்ம பசங்க பலர் குளிர் தாங்காமல் தெர்மோஸ்டாட்டை 30-க்குத் திருகிவிடுகிறார்கள். சீக்கிரம் சூடாகுமாம்! ஆகாதுங்க. அது கேஸ் அடுப்புக் குமிழ் இல்லை. எங்கே நிறுத்துவது என்று மட்டும் சொல்லும் சுவிட்ச். அறை சூடேறும் வேகம் மாறாது, பில்தான் ஏறும். அப்புறம் பில்லுக்குப் பயந்து மொத்தமாக அணைத்துவிட்டு நடுங்குவது...

உண்மையான மிச்சம் பாய்லரில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2005-க்குப் பின் பொருத்தியவை பெரும்பாலும் கண்டென்சிங் பாய்லர்கள். ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, தன் வெப்பத்தைத் திருப்பித் தரும். தண்ணீரை 80 டிகிரியில் அனுப்பினால் அந்த வெப்பம் குழாய் வழியே வெளியே போகும், நம்ம காசோடு. காம்பி வகையென்றால் 60-க்குக் குறைக்கலாம். (தனி வெந்நீர்த் தொட்டி இருந்தால் வேண்டாம், லெஜியோனெல்லா கிருமி வளரும்.)

வாடகை ஒப்பந்தத்தோடு இதையும் ஒரு தாளில் எழுதித் தர வீட்டுக்காரருக்கு என்ன கஷ்டம்? பில் கட்டுவது அவரில்லையே!