அக்கிக்கு மருந்து உண்டு

"அக்கிக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்தே கிடையாது, கொப்புளத்தின்மேல் காவியால் எழுதினால்தான் அடங்கும்." காலை நேரத் தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெயரே சாட்சி என்பார்கள்: அக்கினிதான் அக்கி ஆயிற்று, ஆகவே இது உடல் சூட்டால் வருவதாம். பெயர் சொல்வது எரிச்சலை, காரணத்தை அல்ல. இதே நோய்க்குக் கிரேக்க மொழியிலிருந்து வந்த பெயர் 'ஜோஸ்டர்', அதாவது இடுப்பு வார். வார் கட்டியதால் வந்த நோய் என்று எவரும் சொல்வதில்லை. இது சின்னம்மைக் கிருமியின் வேலை. அம்மை இறங்கிய பிறகும் அது நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஏதாவது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வரும்.

இடுப்பைச் சுற்றிவரும் கொப்புள வரிசையின் தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்பது வெறும் மிரட்டல். அந்த நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது.

எழுதினால் ஆறுகிறதே என்கிறார்களா? எழுதாவிட்டாலும் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் பக்கு உதிர்ந்துவிடும். பெயர் மட்டும் காவிக்குப் போகிறது.

மருந்தே இல்லை என்பதுதான் பெரும் பொய். அசைக்ளோவிர் என்ற மருந்து 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இந்த மாத்திரைக்கு முழுப் பலன். அந்த மூன்று நாளைத்தான் இந்தப் பேச்சு விழுங்குகிறது. எழுதுகிறவரைத் தேடுவதில் ஒரு நாள். செங்காவியைக் கோழி இறகால் தொட்டுக் கொப்புளத்தின்மேல் இழுப்பதில் ஒரு நாள். அது காய்ந்து வெடித்ததும் மறுபடி எழுதுவதில் இன்னொரு நாள். மருத்துவரிடம் வரும்போது காலம் கடந்துவிடுகிறது. புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நரம்பு வலியோடு தவிக்கிறவர்கள் உண்டு. சட்டைத்துணி உரசினாலே துடித்துப்போவார்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்த அக்கி கண்ணைத் தாக்கினால் பார்வையே பறிபோகலாம்.

ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால், தயவுசெய்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.