வாய்ப் புற்றுநோய்: கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

பலாங்கொடைப் பக்கத் தோட்டமொன்றில் என் பெரியம்மா கொழுந்து பறித்தார். "கொச்சிக்காய் பட்டா வாய் எரியுதுடா" என்று அவர் சொல்லத் தொடங்கியபோது வீட்டில் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம் இருந்தது. வலி தாங்காமல் வைத்தியசாலைக்குப் போனபோது புற்றுநோய் முற்றியிருந்தது.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுகிறார்கள். புகையிலையை விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது.

இந்த நோய் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புப் படலம் தோன்றும்; சிலருக்கு வாயை முழுதாகத் திறக்க முடியாது. 2006–2007இல் சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதைக் கடந்த 1,029 பேரிடம் நடந்த ஆய்வு, இத்தகைய புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் சுமார் 11 சதவீதமானோரிடம் இருப்பதாக மதிப்பிட்டது.

இதைக் கண்டறியப் பெரிய இயந்திரம் வேண்டாம். வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், வீடுவீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இலங்கையில் அதற்கு முன்பே இது சோதிக்கப்பட்டது. 1984இல் வெளியான ஆய்வின்படி, ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 34 பேர் ஒரு வருடத்தில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தனர். 1,220 பேரிடம் மாற்றங்களைக் கண்டு மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். போனவர்களோ பாதிக்குச் சற்று அதிகம்தான்.

என்னை உறுத்துவது அந்த மீதிப் பாதி. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. இரத்தினபுரிக்கோ மஹரகமைக்கோ போய்வர பஸ் காசு வேண்டும். போன இடத்தில் தமிழில் விளக்க ஆள் வேண்டும். பெரியம்மா பயந்தது நோய்க்கு அல்ல, இவற்றுக்குத்தான்.

ஆகவே பெரட்டுக்களத்திலேயே வாய்ப் பரிசோதனை நடக்க வேண்டும். மேற்பரிசோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வேண்டும். வராதவர்களைத் தேடிப் போகவும் ஆள் வேண்டும். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். வெற்றிலைப் பையும் அவர்களோடுதான் போனது.

இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ படலமோ வாயில் இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பெரியம்மா காத்திருந்தார்.