கிளைக்கு ஒருவர் என்றார்கள்: தொழில்முனைவுக் கடனும் நிதிக் கல்வி மறைக்கும் பாடமும்

2016 ஏப்ரல் 5 அன்று ஒன்றிய அரசு தொடங்கிவைத்த ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டத்தின் வாக்குறுதி மிக எளிமையானது. ஒவ்வொரு வணிக வங்கிக் கிளையும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினரில் குறைந்தது ஒருவருக்கும், பெண்களில் குறைந்தது ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்கிப் புதிய தொழில் தொடங்கச் செய்ய வேண்டும். அன்று கணக்கில் கொள்ளப்பட்டவை 1.25 லட்சம் கிளைகள். எனவே பயனாளிகளின் இலக்கு 2.5 லட்சம் என அறிவிக்கப்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 31 நிலவரப்படி அரசே வெளியிட்ட எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். பெண்களின் கணக்குகள் 1,90,844. பட்டியல் சாதியினரின் கணக்குகள் 46,248. பழங்குடியினரின் கணக்குகள் 15,228. மூன்றையும் கூட்டினால் 2,52,320. இலக்கு எட்டப்பட்டுவிட்டது என்று மேடையில் சொல்லிக்கொள்ள இது போதும். ஆனால் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டும் கூட்டினால் 61,476தான் வருகிறது. கிளைக்கு ஒருவர் என்ற கணக்கில் வந்திருக்க வேண்டியது 1.25 லட்சம். அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

பெண்களுக்குக் கிடைத்த கடன் அதிகம் என்பது நம் புகார் அன்று. பெண்களுக்கான இலக்கு நிறைவேறியது வரவேற்கத்தக்கதே. நாம் சொல்வது வேறு. அதே வங்கி, அதே கிளை, அதே மேலாளர், அதே விதிமுறை. ஒரு பிரிவில் இலக்கைத் தாண்ட முடிந்தவர்களால் மற்றொரு பிரிவில் ஏன் பாதி வழியைக்கூடக் கடக்க முடியவில்லை? இந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் மொத்தக் கூட்டுத்தொகை செய்கிறது.

பழைய கூட்டல், புதிய அறிவிப்பு

2025–26ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கை, முதன்முறையாகத் தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என 5 லட்சம் பேருக்கு அடுத்த 5 ஆண்டுகளில் 2 கோடி ரூபாய் வரை கடன் வழங்கும் புதிய திட்டத்தை அறிவித்தது. ஸ்டாண்ட் அப் இந்தியாவின் படிப்பினைகள் அதில் உள்ளடக்கப்படும் என்றும், தொழில்முனைவுக்கும் மேலாண்மைத் திறனுக்கும் இணையவழிப் பயிற்சி அளிக்கப்படும் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

முதற்படிப்பினையே அறிவிப்பில் இல்லை. மூன்று பிரிவினரையும் ஒரே எண்ணுக்குள் அடக்கும் பழைய கூட்டல் அப்படியே தொடர்கிறது. தனித்தனி இலக்கு இல்லாத திட்டத்தில் யார் விடுபடுவார்கள் என்பதைக் கடந்த எட்டாண்டுக் கணக்கே காட்டிவிட்டது. பயிற்சி என்ற சொல்லோ சிக்கலை வங்கியின் மேசையிலிருந்து இளைஞரின் தலைக்கு இடம் மாற்றுகிறது. கடன் கிடைக்காததற்குக் காரணம் உனக்குத் திறன் போதாததே என்று அது மறைமுகமாகச் சொல்கிறது.

நிதிக் கல்வி தேவையில்லை என்று நாம் வாதிடவில்லை. தேசிய நிதிக் கல்வி மையம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 27 விழுக்காட்டினரே நிதி அறிவு பெற்றவர்கள். இந்தக் குறை எல்லாச் சாதியினருக்கும் பொதுவானது. ஆனால் நிதி அறிவு இல்லாத 73 விழுக்காட்டினரில் ஒரு பகுதியினருக்கு வங்கிக் கதவு தடையின்றித் திறக்கிறது. அவர்களிடம் அடமானம் வைக்க நிலமும், பிணை நிற்க உறவினரும், மேலாளரிடம் அழைத்துச் செல்ல அறிமுகமானவரும் இருக்கிறார்கள்.

இல்லாதது அறிவா, அடமானமா?

அடமானம் என்பது வரலாற்றின் மறுபெயர். 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனக் கூறப்படுகிறது. பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மீறி அதன் பெரும்பகுதி கைமாறிப்போனது. தாத்தாவின் நிலம் பறிபோன குடும்பத்தில் பிறந்த பொறியியல் பட்டதாரியிடம் இன்று வங்கி சொத்துப் பத்திரம் கேட்கிறது. அவருக்குச் சேமிப்பின் அருமையைப் பற்றி வகுப்பெடுப்பதால் அந்தப் பத்திரம் வந்துவிடாது.

ஸ்டாண்ட் அப் இந்தியா கடன்களுக்கென அரசே கடன் உத்தரவாத நிதியம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. கடன் திரும்பாவிட்டால் இழப்பின் பெரும்பகுதியை அந்த நிதியம் ஏற்கும். எனினும் சொத்துப் பிணை கேட்பதா, உத்தரவாதத்தை ஏற்பதா என்ற முடிவைத் திட்ட விதி வங்கியிடமே விட்டுவிட்டது. உரிமையாக இருக்க வேண்டியது மேலாளரின் விருப்பமாக மாறிய இடம் இதுதான்.

தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இந்தச் சிக்கலின் ஒரு பாதியைச் சரியாக அடையாளம் கண்டது. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம், 1.5 கோடி ரூபாய் வரை. வட்டியில் 6 விழுக்காடு அரசின் பொறுப்பு. எஞ்சிய 65 விழுக்காடு வங்கிக் கடன் என்பதால் சொந்த முதலீடு எதுவும் தேவையில்லை. பரம்பரைச் சொத்து இல்லாதவருக்கு இது உண்மையான உதவி. ஆனால் அந்த 65 விழுக்காட்டுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அதே கிளை மேலாளர். அவர் கையெழுத்திடாவிட்டால் மானியமும் இல்லை, வட்டிச் சலுகையும் இல்லை.

பாடநூலில் சேராத பாடங்கள்

நிதிக் கல்வி முகாம்களில் வரவு-செலவு எழுதவும், காப்பீடு எடுக்கவும், மோசடி அழைப்புகளை அடையாளம் காணவும் கற்றுத்தருகிறார்கள். வங்கியின் கடமை என்ன என்பதை மட்டும் சொல்லித்தருவதில்லை. நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ரிசர்வ் வங்கியின் விதிகள் சில உள்ளன.

பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த உயர்நிலை அலுவலகமே நிராகரிக்கலாம். அதற்கான காரணமும் தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும். அரசின் சுயதொழில் திட்டங்களில் இவர்களிடம் வைப்புத்தொகை கேட்டு வற்புறுத்தக் கூடாது. குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. 25 லட்சம் ரூபாய் வரையிலான விண்ணப்பங்களில் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். முதன்முறையாகக் கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, முன்கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கலாகாது.

ஸ்டாண்ட் அப் இந்தியாவில் பட்டியல் சாதியினருக்கு ஒப்பளிக்கப்பட்ட தொகை 9,747 கோடி ரூபாய். ஒரு கணக்குக்குச் சராசரி சுமார் 21 லட்சம். அதாவது இத்தகைய கடன்களில் கணிசமானவை மேற்சொன்ன 14 நாள் வரம்புக்குள் வருபவை. ஆயினும் நடைமுறையில் விண்ணப்பம் வாங்கப்படாமலே போகிறது. “அடுத்த மாதம் வாருங்கள்”, “எங்கள் இலக்கு முடிந்துவிட்டது” என்ற வாய்மொழிப் பதில்களுக்குக் கோப்பு எண் கிடையாது. எழுத்தில் இல்லாத நிராகரிப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. பிறகு, தகுதியான விண்ணப்பங்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதிவிடலாம்.

எனவே முதல் பாடம்: விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு பெறுங்கள், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் பாடம்: உங்கள் பெயரில் வேறொருவர் தொழில் நடத்தக் கையெழுத்திடாதீர்கள். மானியம் அவருக்குப் போகும், கடன் உங்கள் பெயரில் நிற்கும்.

கடன் கிடைத்த பின்னும் சந்தை என்னும் சுவர் நிற்கிறது. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் கொள்கைப்படி, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். அந்த இலக்குக்கு வெகு கீழேயே கொள்முதல் நடந்துவருகிறது. தானே விதித்த விழுக்காட்டை வாங்க மறுக்கும் அரசு, இளைஞர்களுக்குச் சந்தைப்படுத்தும் திறனைக் கற்றுத்தர முன்வருவது முரண்.

நாம் கேட்க வேண்டியவை

புதிய திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் தனித்தனி இலக்கு வேண்டும். தலித், பழங்குடிப் பெண்களின் எண்ணிக்கை தனியே வெளியிடப்பட வேண்டும். அரசு உத்தரவாதம் உள்ள கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பது விதியாலேயே தடுக்கப்பட வேண்டும். வந்த விண்ணப்பம், நிராகரிப்பு, காரணம் ஆகிய மூன்றும் கிளைவாரியாக வெளியிடப்பட வேண்டும். பயிற்சி முதலில் வங்கி அலுவலர்களுக்குத் தேவை.

இவற்றை அரசு தானாகத் தராது. கல்லூரிகளில் இயங்கும் அம்பேத்கர் வாசகர் வட்டங்களும் மாணவர் அமைப்புகளும் ஒரு வேலையை உடனே தொடங்கலாம். உங்கள் வட்டாரத்தில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளைகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் இத்தனை ஆண்டுகளில் எத்தனை பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குக் கடன் கொடுத்தது என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். சுழியம் என்று பதில் வரும் கிளைகளின் பட்டியலை மாவட்ட ஆட்சியரிடமும், அரசமைப்பின் 338ஆம் பிரிவின் கீழ் விசாரணை அதிகாரம் பெற்ற தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திடமும் கொண்டுசெல்வோம்.