ஆள் கிடைக்கலையா, ஆள் நிக்கலையா?

திருப்பூரில் எந்த வீதிக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி கேட்டில் அந்த அட்டை தொங்கும். ஓவர்லாக் டைலர், பேட்லாக் டைலர், செக்கிங், ஹெல்பர்... ஆட்கள் தேவை. சில கேட்டில் அட்டை வெயிலில் காய்ந்து எழுத்தே மங்கிப் போயிருக்கும். அப்படியென்றால் எத்தனை நாளாக ஆள் தேடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய் முதலாளியைக் கேட்டால் பதில் ரெடி. "எங்கீங்க ஆள் கெடைக்குது? அரிசியைச் சும்மா குடுத்து எல்லாத்தையும் சோம்பேறி ஆக்கிட்டாங்க. ஒருத்தனுக்குத் தொழில் கத்துக்குடுத்தா ஆறு மாசத்துல எதுத்த கம்பெனிக்குப் போயிடறான். விசுவாசம்னு ஒண்ணு இல்லவே இல்லீங்க."

இந்தப் புலம்பலில் உண்மை இல்லாமல் இல்லை. பத்து மெஷின், இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணுகிறவர் பாடு லேசானதல்ல. ஆர்டர் ஒரு மாசம் குவியும், அடுத்த மாசம் ஈ ஓட்டணும். கரன்ட் பில், வாடகை, வட்டி எல்லாம் தேதி தவறாமல் வரும், வரவேண்டிய பணம் மட்டும் வராது. சரி. ஆனால் இவர் ஆள் எடுக்கிற லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

துணி வெட்டுவதற்கு முன் இவர் வியாபாரியிடம் கேட்பது என்ன? ஆர்டர் காப்பி. ரேட் என்ன, எத்தனை பீஸ், என்றைக்கு டெலிவரி, என்றைக்குப் பேமென்ட், எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் கத்திரி வைத்தால் தலையில் துண்டுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே மனிதர் ஒரு டைலரை எப்படி வேலைக்கு எடுக்கிறார்? "வா, பாத்துக்கலாம், நல்லா செஞ்சா ஏத்திக் குடுக்கறேன்." அவ்வளவுதான். எவ்வளவு ஏற்றுவார், எப்போது ஏற்றுவார், எது "நல்லா செய்வது", ஒன்றும் கிடையாது.

இதில் கூத்து என்னவென்றால், சிறுதொழில் செய்கிறவருக்குப் பணம் தாமதமாகக் கூடாது என்று நாட்டில் சட்டமே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி வாங்கினவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது. கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், காசு கொடுக்கிற வருஷம் வரை அதை வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதெல்லாம் வேண்டும் என்று கேட்டது சிறு முதலாளிகள்தான், கேட்டது நியாயமும்கூட. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் "இந்த வாரம் பாதி வாங்கிக்கோ, மீதி அடுத்த வாரம்" என்று சொல்லும்போது எந்த வட்டிக் கணக்கும் அவர் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அடுத்தது ஒன்றரை ஷிப்ட். திருப்பூர்க்காரர்களுக்கு இது பல் விளக்குவது மாதிரி பழகிப்போன விஷயம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்குமேல் நாலு மணி நேரம் அரை ஷிப்ட். அதாவது பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் ஒன்றரைக் கூலி. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். அப்படிப் பார்த்தால் அந்த நாலு மணி நேரத்துக்கு அரைக் கூலி அல்ல, முழுக் கூலி சேரவேண்டும். தினமும் அரைக் கூலி காணாமல் போகிறது. அது போகிற இடத்தில் இருந்துகொண்டே "விசுவாசம் இல்லை" என்று பேசுகிறார்கள்!

இ.எஸ்.ஐ. விஷயம் இன்னும் மோசம். பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் பி.எஃப். அதனால் பதினைந்து பேர் வேலை செய்கிற இடத்தில் ரிஜிஸ்டரில் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். அல்லது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கம்பெனி, ஒன்று அவர் பெயரில், ஒன்று வீட்டுக்காரம்மா பெயரில். இந்தச் சாமர்த்தியத்தில் மிச்சமாவது எவ்வளவு? 2019 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாசம் 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி கட்டவேண்டியது 390 ரூபாய். இந்த 390 ரூபாய்க்கு அந்தக் குடும்பத்துக்கு வைத்தியம், உடம்பு முடியாமல் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பெண்களுக்குப் பிரசவ காலச் சம்பளம். ஊசி விரலில் ஏறினாலோ கட்டிங் மெஷினில் கை போனாலோ நஷ்டஈடும் அங்கேயே கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லை என்றால் அந்த நஷ்டஈடு முழுவதும் முதலாளி தலையில்தான் விழும், அதற்கும் சட்டம் இருக்கிறது. 390 ரூபாயை மிச்சப்படுத்துகிறவர் தன் சொந்தத் தலையை அடகு வைக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்டது, கையில் இல்லை என்கிறார்களா? உட்கார ஒரு ஸ்டூல் போடுவதற்குக்கூடச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததே! கடைகளில் நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. ஒரு ஸ்டூல் என்ன விலை?

யாரை எடுப்பது என்பதிலும் ஒரு ரகசிய விதி உண்டு. "எந்த ஊரு? அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அப்புறம் சூப்பர்வைசர் நாற்காலியில் மச்சினனைக் கொண்டுவந்து உட்கார வைப்பது. பணப்பெட்டிக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் லைனில் பத்து வருஷமாக மெஷின் ஓட்டுகிறவருக்கு, தான் என்றைக்கும் அந்த நாற்காலிக்குப் போகப்போவதில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. எதிர்த்த கம்பெனியில் ஷிப்டுக்கு முப்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் அவர் ஏன் போகக்கூடாது? சாயப்பட்டறை கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் முதலாளி பட்டறையை மாற்றுவதில்லையா? அவர் மாற்றினால் வியாபாரம், டைலர் மாறினால் துரோகமாம்.

ஆளை நிறுத்தி வைக்க வழியே இல்லையா என்றால் இருக்கிறது, அதுதான் அட்வான்ஸ். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிகளில் இது எப்படி நடக்கிறது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று கை நீட்டி வாங்குகிற பணம். அது அடையும் வரை வேறு தறிக்குப் போகமுடியாது. போகவேண்டும் என்றால் புது முதலாளி பழைய அட்வான்ஸை அடைத்து ஆளை "எடுத்துக்கொள்ள" வேண்டும். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதை 1976-லேயே சட்டம் ஒழித்துவிட்டது. படித்த பிள்ளைகளுக்கு இதுவே வேறு வேஷத்தில் வருகிறது. சின்ன ஆபீஸ்களில் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்களே, அது அட்வான்ஸ் இல்லாத அட்வான்ஸ். கடைசி வருஷம் படிக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படிப்பது நல்லது.

உள்ளூர் ஆள் சரிப்படவில்லை என்று வடநாட்டு ஆட்களை ஏஜென்ட் மூலம் இறக்குகிறவர்கள் இன்னொரு ரகம். 2023 மார்ச் ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஸ்டேஷனில் கூட்டம். ஹோலிக்குப் போகிறவர் யார், பயந்து ஓடுகிறவர் யார் என்று பிரிக்க முடியாத கூட்டம். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. போலீசும் கலெக்டர்களும் இந்தியில் தைரியம் சொல்லவேண்டி வந்தது. ஏன்? பையனின் பெயர் ஏஜென்ட் நோட்டில் மட்டும் இருந்தால், பயம் வந்த அன்று முதலாளி சொல்கிற ஆறுதலை அவன் எதை வைத்து நம்புவான்?

"எங்க கம்பெனில எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிங்க" என்பார்கள். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் ஆயுத பூஜைக்குப் பொரியும் கொடுப்பார்கள், உண்மைதான். ஆனால் குடும்பத்தில் லாபம் பங்கு வரும். இங்கே ஆர்டர் இல்லாத வாரம் மட்டும்தான் குடும்பத்துக்குப் பங்கு வருகிறது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் முதலாளிகளுக்குச் சாதகமானது நிறையவே உண்டு, தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதும் அதனால்தான். அது தனிக் கதை. ஆனால் அதில் ஒரு நல்ல வரி இருக்கிறது: வேலைக்குச் சேருகிறவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் போதும். பெயர், வேலை, கூலி, நேரம், மிகைநேர ரேட், எந்த மாசம் எவ்வளவு ஏற்றம், விலகினால் எத்தனை நாளில் கணக்கு முடிப்பது. தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று என்று டிடிபி சென்டரில் அடித்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் வேலை முடிந்தது.

"எழுதிக் குடுத்தா நாளைக்கு அதையே காட்டி கேஸ் போடுவானுங்க" என்று உடனே ஒரு குரல் வரும். வியாபாரி தந்த ஆர்டர் காப்பியை ஃபைலில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாரே, அது எதற்காம்?