ஒரு விநாடியில் பேசும் பலகை

உங்கள் வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போகிறாளா? அப்படியானால் இந்த வாரத்து விஷயம் உங்கள் வீட்டு விஷயந்தான்!

சாயங்காலம் மணி அடித்ததும் நூற்றுக்கணக்கான பெண்கள் கல்லூரி வாசலுக்கு வருகிறார்கள். எதிர்ச் சாரியில் பஸ் ஸ்டாப், நடுவே சாலை. "பார்த்துக் கடந்து வா, அம்மா" என்று அவளுக்குக் காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டீர்கள். காரில் வருகிறவருக்கு யார் சொல்வது?

பலகைதான் சொல்ல வேண்டும். ஆனால், "மாணவ மாணவியர் நடமாட்டம் மிகுந்த பகுதியாகையால் வாகனங்களை மெதுவாகச் செலுத்தும்படி அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்" என்று எழுதி வைத்தால்? அன்பு இருக்கிறது, படிக்கத்தான் நேரம் இல்லை! மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 13 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு, பிரேக் போட்டு, நிற்பதற்கு 23 மீட்டர் ஆகும் என்பது பிரிட்டிஷ் சாலை விதிகளின் கணக்கு. வேகம் 32 கிலோமீட்டராகக் குறைந்தால் 12 மீட்டரே போதும். பாதி தூரம் மிச்சம். ஓர் உயிரும் மிச்சம்.

ஒரே பார்வையில் புரியும்படி பலகை அமைப்பதில் பேர் பெற்றவர் ஒரு பெண்மணி என்றால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். மார்கரெட் கால்வெர்ட் என்பது அவர் பெயர். 1936-ல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் பிறந்து, 1950-ல் இங்கிலாந்துக்கு வந்தவர். செல்ஸி கலைப் பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜாக் கின்னெயர், தம் வேலையில் உதவிக்கு அவரை அழைத்துக் கொண்டார். இருவரும் சேர்ந்து அமைத்த சாலை அடையாளங்கள் 1965 ஜனவரி முதல் தேதி பிரிட்டனில் அமலுக்கு வந்தன. எச்சரிக்கைக்கு முக்கோணம், உத்தரவுக்கு வட்டம், தகவலுக்கு நீள்சதுரம். எழுத்தைப் படிக்குமுன் உருவமே பேசிவிடும்!

'குழந்தைகள் ஜாக்கிரதை' என்ற பழைய பலகையில் ஒரு பையன் சிறுமியை அழைத்துப் போவான். கால்வெர்ட் அதை மாற்றினார். பெரிய பெண் சின்னப் பையனின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறாள். அந்தப் பெண்ணுக்கு மாதிரி, கால்வெர்ட்டின் சொந்தக் குழந்தைப் பருவப் புகைப்படம்! எல்லாப் படமும் இப்படி வாய்த்துவிடவில்லை. 'சாலை வேலை நடக்கிறது' என்பதற்கு மண் அள்ளும் ஆளை வரைந்தார்கள். "பாவம், குடையை விரிக்கப் பாடுபடுகிறான்" என்று ஜனங்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். வரைந்தவருக்குப் புரிந்தால் போதாது. பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும்.

அடுத்த முறை பெண்ணின் கல்லூரிப் பக்கம் போகும்போது நீங்களே கவனியுங்கள். பலகை வாசலுக்கு நேரே நிற்கிறதா, வேகத்தைக் குறைக்க அவகாசம் தரும்படி முன்னாலேயே நிற்கிறதா? மரக்கிளை மறைக்கிறதா? இருட்டில் வாகன விளக்கு பட்டால் தெரிகிறதா? சாலையில் போட்ட வெள்ளைக் கோடுகள் பெண்கள் கடக்கும் இடத்தில் இருக்கின்றனவா, அல்லது யாரும் நடக்காத இடத்திலா? குறை இருந்தால் கல்லூரி முதல்வருக்கும் நகராட்சிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நாலு தாய்மார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் விசேஷம்.

நாம் கூடப் போக முடியாத இடத்தில் நம் பெண்ணுக்குத் துணை நிற்பது அந்தப் பலகைதான். அதன் மேல் யாரும் சினிமா போஸ்டர் ஒட்டாமல் இருந்தால்!