ஒத்திகை தோட்டத்தில் நடக்கட்டும்: கலைக்குப் புதியவர்களும் சமுதாய அரங்கும் குறித்து எங்கள் நிலைப்பாடு

சமுதாய அரங்கைக் கலைக்குப் புதியவர்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்வி கலாசார உத்தியோகத்தர்களின் கூட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளிலும் அடிக்கடி எழுகிறது. கிடைக்கும் பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான். டிக்கெட் இலவசமாக இருக்கட்டும், தோட்டத்துக்கு பஸ் அனுப்புவோம், நாடகத்தை முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிப்போம், கதையை எளிமையாக்குவோம் என்பார்கள். இவற்றில் எதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் இவையெல்லாம் மக்களைப் பார்வையாளர்களாக மட்டும் வைத்துப் போடும் கணக்குகள். இரத்தினபுரி மாவட்டக் கஹவத்தையிலும் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர் தோட்டங்களிலும் அரங்கப் பணி செய்யும் அமைப்பு என்ற முறையில் எங்கள் நிலைப்பாடு வேறு. அரங்கின் வாசல் ஒத்திகையில் இருக்கிறது. ஒத்திகை எங்கே, எந்த நேரத்தில், யாருடைய பேச்சில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே சிலர் உள்ளே வருகிறார்கள், சிலர் ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார்கள். பொதுப்பணமும் எங்கள் உழைப்பும் முதலில் அங்கே போகவேண்டும். மண்டபமும் மேடை விளக்கும் அதற்குப் பிறகு.

இதற்கான முதற் சான்று எங்கள் காலடியிலேயே இருக்கிறது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன்கூத்து மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகிறது. ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போவார்கள். தூதன் ஓலை கொண்டுவருவான். வீரபத்திரனும் எமனும் ஆடிவருவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் கவனிக்கச் சொல்வது ஒருவர் அந்தக் கூத்துக்குள் எப்படி வந்து சேர்கிறார் என்பதை. அறிவித்தல் இல்லை, விண்ணப்பம் இல்லை, தெரிவு இல்லை. கூத்து மாஸ்டர் அந்தி நேரத்தில் ஆட்டம் பழக்கும்போது பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். ஒருவன் கையில் தீவட்டி கொடுக்கப்படும். இன்னொருவன் தப்புக் காய்ச்ச வைக்கோலும் காகிதமும் பொறுக்கி வருவான். சபரகமுவவின் ஈரத்தில் தப்பின் தோல் சீக்கிரம் தொய்ந்துபோகும், அடிக்கடி தீயில் காட்டவேண்டும். ஆகவே அந்தப் பையன் இரவு முழுக்கத் தப்புக்காரருக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இருந்து இருந்தே காலம் பிடிபட்டுவிடுகிறது. சில வருடம் போனால் அவன் சலங்கை கட்டுகிறான். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் கேட்டுக் கேட்டே பாட்டைப் பாடமாக்கிவிடுகிறார். இந்த மக்கள் கலைக்குப் புதியவர்கள் என்று யாராவது அறிக்கையில் எழுதினால், அவர் மாசி மாதத்தில் தோட்டப்பக்கம் வந்ததில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அவர்களுக்குப் புதியவை டிக்கெட், மண்டபம், பிரதம அதிதி உரை, இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் ஆகியவை.

அதற்காகக் காமன்கூத்தைக் குறையில்லாத முன்மாதிரி என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. பெரும்பாலான இடங்களில் ரதிக்கும் ஆண்தான் சேலை கட்டுகிறான். பெண்கள் விரதம் இருக்கிறார்கள், பார்க்கிறார்கள், சமைக்கிறார்கள், வேடம் கட்டுவதில்லை. தப்பு அடிப்பது இன்ன சாதியின் வேலை என்ற எண்ணம் முற்றாகப் போய்விடவில்லை. கூத்துக்கு உயிர்கொடுப்பவருக்குக் கூத்து முடிந்ததும் கிடைக்கும் மரியாதை எவ்வளவு என்று தோட்டத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நாங்கள் எடுத்துக்கொள்வது காமன்கூத்து ஆளைச் சேர்க்கும் முறையை. யாரைச் சேர்ப்பது என்பதில் அதற்குள்ள பழைய கட்டுப்பாடுகளை அல்ல. கொழுந்தெடுக்கும் பெண்ணும், பால் வெட்டும் பெண்ணும், பாடசாலையை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போய்த் திரும்பிவந்த பையனும் நுழைய முடியாத ஒத்திகை எங்களுக்கு ஒத்திகையே அல்ல.

இந்த முறைக்கு நேரெதிரானது தோட்டங்களுக்கு இன்று பெரும்பாலும் வந்துசேரும் விழிப்புணர்வு நாடகம். ஒரு வாகனம் வரும், ஒலிபெருக்கி கட்டுவார்கள், அரைமணி நேரத்தில் கசிப்பின் தீமை அல்லது டெங்கு நுளம்பு அல்லது பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமை சொல்லி முடியும், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சொல்லும் விடயத்தில் பிழை இல்லை. ஆனால் நாடகம் என்றாலே வெளியாள் வந்து நம்மைத் திருத்திவிட்டுப் போவது என்ற எண்ணம் இதனால் படிந்துவிடுகிறது. குடிகாரத் தகப்பன் பாத்திரத்தை நடிக்கிறவர் எந்த லயத்திலும் வாழாதவர். பார்த்துக்கொண்டிருப்பவரோ அந்தத் தகப்பனை ஏன் எதற்கு என்று அறிந்தவர். அவரிடம் யாரும் கேட்பதில்லை. பிரேசிலின் அகுஸ்தோ போவால் 1970களில் வகுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கு, பார்வையாளர் எழுந்துவந்து காட்சியை மாற்றி நடிக்கும் உரிமையை மையமாகக் கொண்டது. அந்த முறையின் பெயரைச் சொல்லி இலங்கையில் நடக்கும் நிகழ்ச்சிகள் பல, முடிவை முதலே தீர்மானித்துவிட்டுத்தான் பார்வையாளரை மேடைக்குக் கூப்பிடுகின்றன.

பேச்சு விடயத்தில் எங்களுக்கு வழிகாட்டும் அனுபவம் இந்தியாவின் சத்தீஸ்கரிலிருந்து வருகிறது. டில்லியில் 1959இல் நயா தியேட்டரைத் தொடங்கிய ஹபீப் தன்வீர், நாச்சா என்ற கிராமியக் கலையில் ஊறிய கலைஞர்களைத் தன் நாடகங்களுக்கு அழைத்துவந்தார். தங்கள் ஊரில் விடியவிடியச் சிரிக்கவைத்தவர்கள் ஹிந்தி வசனத்தைப் பேசிக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்கவேண்டி வந்ததும் விறைத்துப்போனார்கள். சில வருடங்கள் கழித்தே தன்வீர் அதன் காரணத்தைக் கண்டுகொண்டார். சத்தீஸ்கரியிலேயே பேசவிட்டார், நிற்கும் இடத்தையும் அவர்கள் போக்குக்கே விட்டார். 1975இல் வந்த சரண்தாஸ் சோர் நாடகம் அந்த மாற்றத்தின் விளைச்சல்; 1982இல் எடின்பரோ விழாவில் அது விருதும் பெற்றது. இலங்கையில் பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய ஜனகரளிய, தமிழில் மக்கள் களரி, கூடார அரங்கை ஊர் ஊராகக் கொண்டுபோய், தமிழ், சிங்கள இளைஞர்களை ஒரே குழுவில் பழக்கியபோது அதே சரண்தாஸ் கதையையும் மேடையேற்றியது. எங்கள் தோட்டங்களிலோ பிள்ளைக்கு நாடகம் என்று முதலில் அறிமுகமாவது தமிழ்மொழித் தினப் போட்டி. அங்கே உச்சரிப்புக்குப் புள்ளி உண்டு. பெரட்டு, மடுவம், பணிய லயம், அரைப்பேர் என்று வீட்டில் பேசுகிற பிள்ளை மேடையில் அந்தப் பேச்சை மறைக்கப் பழகுகிறது, மறைக்க முடியாத பிள்ளை மேடைக்கே போவதில்லை. செந்தமிழ் வேண்டாம் என்பது எங்கள் வாதமல்ல. முதல் நாள் ஒத்திகையில் அதை வாசற்படியாக வைக்கக்கூடாது என்கிறோம்.

நேரம் அதைவிடக் கடினமான விடயம். சபரகமுவத் தோட்டங்களில் ஒரே டிவிசனில் தேயிலையும் இறப்பரும் இருப்பதுண்டு, இரண்டின் நாளும் வேறு வேறு. பால் வெட்டுகிறவர் இருள் பிரியுமுன்னரே மலைக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். சிரட்டைப் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் அளவில் வீடு திரும்புவார். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை மலை. அதன்பின் தண்ணீர், விறகு, அடுப்பு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறை என்று அறிவித்தால் வரக்கூடியவர் பாடசாலைப் பிள்ளையும் உத்தியோகத்தரும்தான். மற்றவருக்கு அது ஒரு பேரை, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவை, இழப்பதற்குச் சமம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் மட்டுமே நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளரிடம் டிக்கெட் இலவசம் என்று சொல்வதில் பெரிய தயாளம் ஒன்றும் இல்லை. அவருக்கு நாடகத்தின் உண்மையான விலை அன்று போடப்படாமல் போகும் பேர். மழையையும் கணக்கில் எடுக்கவேண்டும். மே, ஜூன் மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரத்தினபுரி மாவட்டத்தில் திறந்தவெளி ஒத்திகை நடக்காது. தை முதல் பங்குனி வரை ஓரளவு காய்ந்த காலம், அதில் மாசி காமனுக்குரியது. கூரையுள்ள, எல்லா லயத்துக்கும் நடைதூரத்தில் உள்ள, எந்தப் பெண்ணும் போக யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லாத இடம் கொழுந்து மடுவம்தான். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு அது சும்மா கிடக்கிறது.

இப்படிச் செய்தால் தரம் கெட்டுவிடும் என்ற ஆட்சேபம் எங்களிடம் நேராகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதை இலகுவாக ஒதுக்க முடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்பின் கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகளைச் செப்பமாக்கி மேடையேற்றியிராவிட்டால், கூத்து படித்தவர் கண்ணில் கலை என்ற மதிப்பைப் பெற்றிருக்காது. அந்தக் கடன் தமிழ் அரங்குக்கு உண்டு. ஆனால் விடியவிடிய ஆடியது ஒன்றரை, இரண்டு மணித்தியாலமாகி, வட்டக்களரி படச்சட்ட மேடையாக மாறியபோது, ஆடுகிறவர் பல்கலைக்கழக மாணவர் ஆனார். ஊரவர் பெருமைப்படும் பார்வையாளர் ஆனார். மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் தோழர்களும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இதற்கு வேறொரு வழியைக் காட்டியது. கூத்தின் பாடலையும் பாத்திரத்தையும் ஆடுகிற ஊராரே களரியில் உட்கார்ந்து விவாதித்து, பெண்ணையும் சாதியையும் இழிவுபடுத்தும் இடங்களைத் தாங்களே மாற்றும் முறை அது. தரம் என்பதற்கு அங்கே வேறு உரைகல் இருந்தது. எங்கள் அளிக்கைகளின் முதல் இரண்டு, மூன்று தடவை ஆட்டம் தள்ளாடும், வசனம் மறக்கும். அதை ஒப்புக்கொள்கிறோம். மெருகு வேண்டும் என்றால் அதற்குத் தேவை நீண்ட ஒத்திகைக் காலம். நகரத்திலிருந்து தேறிய நடிகர்களைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பினால் பார்க்க நன்றாக இருக்கும், தோட்டத்தில் யாரும் எதையும் பழகியிருக்கமாட்டார்கள்.

காமன் சாமி காரியம், அதை நாடகப் பயிற்சியோடு கலக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் கம்பத்தைத் தொடமாட்டோம், காமன் கதையை அது ஆடப்படும் பொட்டலிலிருந்து பெயர்த்து விழா மேடைக்கு விற்கவும் மாட்டோம். இளைஞர்கள் இப்போது கைத்தொலைபேசியைத்தான் பார்க்கிறார்கள் என்பது மற்றொரு ஆட்சேபம். அந்தத் தொலைபேசியில் அவர்கள் தாங்களே நடித்து ஆடிப் பதிவிடுகிறார்கள் என்பதையும் சொல்பவர் கவனித்திருக்கலாம்.

சம்பளமும் வீடும் காணியும் தீராத இடத்தில் நாடகம் எதற்கு என்ற கேள்வி இவற்றைவிடக் கனமானது. நாடகம் எந்தச் சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் பதிலாகாது. ஆனால் இந்த மாவட்டத்தில் அதற்கு வேறொரு அவசியம் இருக்கிறது. 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டன. எஞ்சியவர்கள் கடைத்தெருவில் தமிழைத் தாழ்ந்த குரலில் பேசப் பழகினார்கள். அப்படிப் பழகிய குரல் பலர் முன்னே உயர்ந்து பேசுவதற்கு ஓரிடம் வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அயலவரும் கேட்கக்கூடிய இடமாக அது இருப்பது இன்னும் நல்லது. சிங்கள மரபிலும் களத்தில் ஆடும் சொக்கரி நாடகம் உண்டு, சபரகமுவவுக்கே உரிய நடன மரபு உண்டு. கஹவத்தையில் இருமொழி அரங்கு என்பது மொழிபெயர்ப்பு அட்டையைத் தூக்கிப் பிடிப்பதாக இருக்கவேண்டியதில்லை. இரண்டு மொழியையும் அரைகுறையாகவேனும் பேசும் பஸ் நடத்துநரும் கடைக்காரரும் இங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்களே நல்ல பாத்திரங்கள்.

ஆகவே எங்கள் பணியில் இனி ஒரு பேர் இழக்கவைக்கும் ஒத்திகை இராது. பால் வெட்டுகிறவர்களுக்குப் பின்னேரமும் கொழுந்தெடுப்பவர்களுக்கு அந்திக்குப் பிறகும் தனித்தனியாகப் பழக்குவோம், ஞாயிறன்று சேர்ந்து ஆடுவோம். தாய்மார் பிள்ளையோடு வரலாம். பிள்ளையைப் பார்க்க ஆள் வைப்பது தப்புக்காரருக்குக் கொடுக்கும் பணத்தைப் போலவே செலவுக் கணக்கில் முதல் வரியில் இருக்கும். தப்புக்காரருக்குப் பணம் மட்டுமின்றி, அறிமுகத்தில் பெயரும் உண்டு. பத்துப்பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவருக்குத் தீவட்டிக்கு நிகரான ஒரு வேலை முதல் நாளே கையில் இருக்கும். தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது அந்தி நேரத்தில் மடுவத்தின் திறப்பும் ஒரு மின்குமிழும். பிரதேச செயலகத்திடமும் கலாசார அலுவல்கள் திணைக்களத்திடமும் கேட்பது, உதவித்தொகையை அளிக்கை நாளுக்குக் கணக்கிடாமல் ஒத்திகை மாதங்களுக்குக் கணக்கிடும்படி. பகிரங்க அளிக்கைகளுக்கான 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பிரதியை முன்கூட்டியே ஒப்படைத்து அனுமதி பெறும் நடைமுறையையும் மறுபடி பார்க்கவேண்டும். மடுவத்தில் வாய்மொழியாகவே உருவாகி, பார்ப்பவர் எழுந்துவந்து மாற்றக்கூடிய ஒரு நாடகத்துக்கு ஒப்படைக்கப் பிரதி எதுவும் இருக்காது.